பிள்ளையை எங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் வேலையை விட்டுவிட்ட ஒரு வாசகிக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்ஆப் குரல் பதிவுகளையும் வைத்தே நாலு இதழ் ஓட்டலாம் போலிருக்கிறது. அதனால் இந்த முறை வேறு கேள்விகள் இல்லை. முழுப் பக்கமும் பள்ளிக்கூடம் போகாத குட்டிகளுக்குத்தான்.

கேள்வி: அக்கா, நான் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறேன். பையனுக்கு 14 மாசம். இதுவரைக்கும் மாமியார் பார்த்துக்கொண்டார், இப்போது அவருக்கு இடுப்பு முடியவில்லை. பால்வாடியில் கேட்டால் ரெண்டு வயசு முடியட்டும் என்கிறார்கள். வெளியில் பிள்ளை பார்க்கிற இடத்தில் கேட்கிற காசு என் சம்பளத்தில் பாதி. கம்பெனியிலேயே பிள்ளைகளுக்கு ரூம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே, நிஜமா?
– தையல் தொழிலாளி, திருப்பூர்

நிஜம்தான் தங்கச்சி, அதுவும் நேற்று வந்த சட்டம் இல்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று இருந்தது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த நிறுவனமும் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்த 50-ல் ஆண்களும் சேர்த்தி. இதை மட்டும் மேனேஜர்கள் சௌகரியமாக மறந்துவிடுவார்கள், 'எங்களிடம் லேடீஸ் 40 பேர்தான்மா' என்பார்கள். அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. உனக்கு என்னென்ன சலுகை உண்டு என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தத்தில் இருந்தது. கொடுத்தார்களா என்று நான் கேட்கப் போவதில்லை.

ஆனால் உன் கம்பெனியில் எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை. திருப்பூரில் பாதி வேலை, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளில்தான் நடக்கிறது. இருபது மெஷின், முப்பது ஆள், மாடியில் தகரக் கூரை. இவர்களை 50 என்கிற கணக்குக்குள் கொண்டுவரவே முடியாது, ஆனால் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள் அதிகம் இருப்பது அங்கேதான். இதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2017 திருத்தத்திலேயே காப்பகம் தனியாகவோ பொதுவாகவோ இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். 2020-ல் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இன்னும் விளக்கமாக, பல நிறுவனங்கள் காசு போட்டு ஒரே காப்பகம் நடத்தலாம், நகராட்சியோ தொண்டு நிறுவனமோ நடத்துகிற காப்பகத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறது. ஒரு தெருவில் எட்டுப் பத்து யூனிட் வரிசையாக இருக்கிற ஊர் உங்கள் ஊர். வாடகைக்கு ஒரு வீடு, பக்கத்து மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேருக்குச் சம்பளம், இதை எட்டு முதலாளிகள் பிரித்துக்கொண்டால் ஒருவர் தலைக்கு வருகிற தொகை மாதாந்திர டீச் செலவை ஒட்டித்தான் இருக்கும். செய்யாமல் இருப்பதற்குக் காரணம் காசு இல்லை, யார் முதலில் பேச்சை எடுப்பது என்பதுதான்.

வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைக்கிற பெரிய கம்பெனிகளில் அறை இருக்கும். தொட்டில் இருக்கும், சுவரில் மிக்கி மவுஸ் இருக்கும். ஆடிட் வருகிற அன்றைக்கு மட்டும் பூட்டு திறக்கிற அறைகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது என்ன? தனியாகப் போய் மேனேஜரிடம் கேட்காதே, கைக்குழந்தை இருக்கிற எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள், ஒரு நகலைத் தொழிற்சங்கத்திடம் வையுங்கள். பால்வாடியில் 'இப்போது முடியாது' என்றது பகலில் உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வதைத்தான். ஆறு மாசம் முடிந்த பிள்ளைக்குச் சத்துமாவும் எடை பார்ப்பதும் உண்டு, பெயரைப் பதிந்துவிடு. எடை குறைந்தால் முதலில் தெரிவது அங்கேதான்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பையன்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஊர் அங்கன்வாடிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று சேர்ந்து இரண்டு லட்ச ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள். பெரிய ஸ்மார்ட் டிவி, ஏசி, சுவரில் கார்ட்டூன் பெயிண்ட் என்று பட்டியல் போட்டிருக்கிறோம். வேறு என்ன சேர்க்கலாம்?
– இளைஞர் மன்றச் செயலாளர், புதுக்கோட்டை மாவட்டம்

தம்பி, முதலில் டிவியை எடுத்துவிடுங்கள். இரண்டு வயசு ஆகாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்தை வீட்டில் அம்மாவின் போனிலேயே பிள்ளை காலி செய்துவிட்டுத்தான் பால்வாடிக்கு வருகிறது. பெயிண்ட் அடிக்கலாம், தப்பில்லை, ஆனால் அது உங்கள் வாட்ஸ்ஆப் குரூப்புக்காக அடிக்கிற பெயிண்ட் என்று தெரிந்து அடியுங்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். மன்றத்தில் இருந்து இரண்டு பேர் ஒரு நாள் காலையில் போய், வாசல் பக்கமாகச் சும்மா உட்கார்ந்து மதியம் வரை பாருங்கள். பெரும்பாலும் நீங்கள் பார்க்கப் போவது இதுதான்: பதினெட்டு இருபது பிள்ளைகள். ஆயா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருப்பார். டீச்சர் கையில் போன் இருக்கும், அரசின் போஷன் டிராக்கர் செயலியில் வருகையும் எடையும் உயரமும் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்கவில்லை என்று ஜன்னல் பக்கம் போவார். சத்துமாவு வாங்க வந்த கர்ப்பிணி நிற்பார். ஐந்து பிள்ளைகள் பாய் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருக்கும். புதிதாகச் சேர்ந்த இரண்டரை வயசுக் குட்டி ஒன்று கதவுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா போன திசையைப் பார்த்து அழுதுகொண்டே இருக்கும், தூக்கிச் சமாதானம் செய்ய மூன்றாவது ஆள் இல்லை. டீச்சர் நல்லவர்தான். ஆயாவும் நல்லவர்தான். நாலு கை போதவில்லை, அவ்வளவுதான்.

அந்த டீச்சரே போனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுவீர்கள். ஒரு தட்டில் புளியங்கொட்டை, மஞ்சாடி விதை, தண்ணீர் பாட்டில் மூடி எல்லாவற்றையும் கலந்து கொட்டி, பிரிக்கச் சொல்வார். ஒன்று நிறத்தை வைத்துப் பிரிக்கும், ஒன்று அளவை வைத்துப் பிரிக்கும், ஒன்று எல்லா மூடிகளையும் தன் மடியில் போட்டுக்கொண்டு 'எங்கப்பா கடை' என்று வியாபாரம் தொடங்கிவிடும். 'இந்தக் கடையில் பெரிய மூடி என்ன விலை?' என்று டீச்சர் கேட்பார். மூன்றரை வயசுக்குக் கணக்கும் பேச்சும் இதுதான். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்று 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று மாதவாரியாகத் தலைப்புப் பிரித்த பாடத்திட்டமே இருக்கிறது, நல்ல பாடத்திட்டம், அதை நடத்த நேரம்தான் இல்லை.

ஆகவே இரண்டு லட்சத்தில் முக்கால்வாசியை ஆளுக்குச் செலவு செய்யுங்கள். ஊரில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண் யாராவது இருப்பார், அதிகாரிகளிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, தினமும் காலை மூன்று மணி நேரம் கதை சொல்ல, விளையாட்டுக் காட்ட, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வையுங்கள். மாதம் ஐயாயிரம் கொடுத்தாலும் வருஷத்துக்கு அறுபதாயிரம், இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும். மீதியில் பிள்ளை உயரத்துக்குக் கழிப்பறைப் பீங்கான், கை கழுவுகிற குழாய், தாழ்ப்பாள் சரியாக விழுகிற கேட். இதையெல்லாம் போட்டோ எடுத்தால் லைக் விழாது என்பது உண்மைதான். பையன்கள் மாசாமாசம் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்பச் சம்மதித்தால், மொத்தமாக ஒரு தடவை அனுப்புவதைவிட அது பத்து மடங்கு உபயோகம்.

வாங்குவதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் ஊர்த் தலைவர், கவுன்சிலர், பெயிண்டர் வரை எல்லாரும் வருகிறார்கள், அவரைக் காணோம்.

கேள்வி: சமூகப் பங்களிப்பு, கூட்டு முயற்சி என்றெல்லாம் இப்போது அதிகம் பேசுகிறார்களே, இது அரசு மெல்லக் கையைக் கழுவுவதற்கான ஏற்பாடுதானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

பல நேரம் அப்படித்தான் ஐயா. மத்திய அரசின் காப்பகத் திட்டத்தையே பாருங்கள். ஒரு காலத்தில் செலவில் 90 சதவீதத்தை அரசு கொடுத்தது, நடத்துகிற தொண்டு நிறுவனம் 10 போட்டால் போதும். 2017-ல் அதை மாற்றி மத்திய அரசு 60, மாநிலம் 30, நிறுவனம் 10 என்றார்கள். காகிதத்தில் அழகான கூட்டு. நடைமுறையில் ஒருவர் பணம் வந்தால்தான் அடுத்தவர் பணம் வரும் என்று ஆளாளுக்குக் காத்திருக்க, வாடகை மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. 2022-க்குப் பிறகு 'பால்னா' என்ற பெயரில், அங்கன்வாடியோடேயே காப்பகத்தைச் சேர்த்து, நாடு முழுக்க 17,000 இடங்களில் தொடங்குவது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். யோசனை சரியானது. அங்கன்வாடிகளோ நாட்டில் 13 லட்சத்துக்கு மேல், தமிழ்நாட்டில் மட்டும் 54,439. 17,000 எந்த மூலைக்கு?

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தத் துறையில் அரசு செய்ததில் பாதி, வெளியில் இருந்தவர்கள் செய்து காட்டிய பிறகுதான் வந்தது. டெல்லியில் 1969-ல், காந்தி நூற்றாண்டுக்காகக் கட்டுமான வேலை நடந்த இடத்தில் செங்கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கிடந்த சித்தாள்களின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார், அதுதான் 'மொபைல் கிரீச்சஸ்'. வேலை எங்கே போகிறதோ காப்பகமும் பின்னாலேயே போகும். கட்டடத் தொழிலாளர் சட்டத்தில், ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் வேலை செய்கிற இடத்தில் காப்பகம் கட்டாயம் என்ற விதி ஏறியது 1996-ல். பள்ளிக்கு முந்தைய பிள்ளைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் அறிக்கை கொடுத்தது, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்துக் காட்டுக் கிராமங்களில் 'ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக்' என்கிற டாக்டர்கள் குழு, ஆறு மாசத்தில் இருந்து மூன்று வயசு வரையுள்ள பிள்ளைகளுக்கு 'ஃபுல்வாரி' என்று ஊர்ப்பெண்களை வைத்தே பகல் காப்பகங்கள் நடத்தியது. அம்மா வயலுக்குப் போகும் நேரத்தில் மூத்த அக்காள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைவது நின்றது. பிறகு அரசும் அதே பெயரில் எடுத்துச் செய்தது. கர்நாடகம் 2023-24 பட்ஜெட்டில், நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளுக்காக 4,000 ஊராட்சிகளில் 'கூசின மனே' என்ற காப்பகங்களை அறிவித்ததும் இந்த வழியில்தான்.

இப்போது என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். சாப்பாடு, கட்டடம், டீச்சர் சம்பளம் இதெல்லாம் அரசின் பொறுப்பு, அதில் பத்துப் பைசா கூட ஊர் தலையில் ஏற்றக் கூடாது. 1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியபோது, ஊரில் வசூல் செய்து பிள்ளைகளுக்குச் சோறு போடுங்கள் என்று சொல்லியிருந்தால் அது ஆறு மாசத்தில் முடிந்திருக்கும். ஊர் செய்ய வேண்டியது அரசால் செய்ய முடியாத இரண்டு: ஒன்று, அந்த ஊர் அம்மாக்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்குத் தக்கபடி நேரத்தை நீட்டுவது, இரண்டு, ஒழுங்காக நடக்கிறதா என்று தினமும் கண் வைப்பது. பருத்தி எடுக்கிற ஊரில் அம்மா விடியற்காலையில் கிளம்புவாள், மில் ஊரில் சாயங்காலம் தாண்டித்தான் வருவாள். சென்னையில் இருந்து போடுகிற ஒரே உத்தரவு இந்த இரண்டு ஊருக்கும் பொருந்தாது.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் மற்றவர்களுக்காக: குடியிருப்பில் ஆறு வயசுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேர் இருந்து, அங்கன்வாடி இல்லை என்றால், கேட்டு மூன்று மாசத்துக்குள் திறக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பர் 13-ஆம் தேதி உத்தரவு போட்டிருக்கிறது. கேட்பதும் ஊர்ப் பங்களிப்புதான். ஊர்க்காரர்களுக்கு நீங்கள் மனு எழுதிக் கொடுங்கள் ஐயா, தலைமையாசிரியர் கையெழுத்துக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

கேள்வி: தாத்தா பாட்டி இருக்கிற வீட்டில் இந்தக் காப்பகம் எல்லாம் எதற்கு? நாங்கள் எல்லாம் அப்படியா வளர்ந்தோம்?
– வாசகர், கும்பகோணம்

நீங்கள் வளர்ந்தபோது பாட்டிக்கு நாற்பத்தைந்து வயசு, வீட்டில் இரண்டு அத்தை, தெருவில் கார் இல்லை. இன்றைக்கு அந்தப் பாட்டியே நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கேள்வி: நான் அங்கன்வாடி பணியாளர், பெயர் போட வேண்டாம். தன்னார்வலர்கள் என்று வருகிறார்கள். ஒரு நாள் பலூன் கட்டுகிறார்கள், கேக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். மறுநாள் முழுக்கப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை.

சொல்லலாம். ஆனால் நீங்கள் தனியாகச் சொன்னால் 'டீச்சர் திமிர் பிடித்தவர்' என்பார்கள். அங்கன்வாடிக்கென்று தாய்மார்கள், வார்டு உறுப்பினர் எல்லாரும் இருக்கிற கண்காணிப்புக் குழு ஒன்று காகிதத்தில் இருக்குமே, அதைக் கூட்டி மூன்று நிபந்தனைகளை எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள். தொடர்ந்து மூன்று மாசம் வாரத்தில் ஒரு நாளாவது வர முடிந்தவர் மட்டும் வரலாம். பிள்ளைகளின் முகம் தெரிகிற படம் கூடாது. வெளியில் செய்த சாப்பாடு, கேக் கூடாது. முதல் நிபந்தனையிலேயே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள், மிஞ்சுகிறவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். அவர்களுக்குப் பாட்டுப் பாடுகிற வேலையைக் கொடுக்காதீர்கள், அது உங்கள் வேலை. பதிவேடு எழுத, உயரம் அளக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, போனில் விவரம் ஏற்ற உதவிக்கு வையுங்கள். உங்கள் கை ஓய்ந்தால் பிள்ளைகளுக்குத்தான் லாபம்.

மற்றபடி நீங்கள் எழுதாமல் விட்டதையும் நானே எழுதிவிடுகிறேன். உங்களை இன்னும் ஊழியர் என்று சொல்லாமல் மதிப்பூதியப் பணியாளர் என்றுதான் வைத்திருக்கிறார்கள். மத்திய அரசு 2018-ல் பணியாளருக்கு மாதம் 4,500, உதவியாளருக்கு 2,250 என்று உயர்த்தியது, அதன் மேல் மாநிலம் போடுவதை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடி பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்புச் சொன்னபோதுதான் பலருக்கும் இது ஒரு வேலை என்பதே உறைத்தது. 'சேவை' என்று சொல்லி உங்களை மேடையில் பாராட்ட வருகிறவர்களிடம், அந்த மேடையிலேயே சம்பளத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பகுதியில் ப்ளே ஸ்கூல்கள் தெருவுக்கு நாலு. எல்லாரும் ஃபோனிக்ஸ், அபாகஸ், ரோபோடிக்ஸ் என்கிறார்கள். பெண்ணுக்கு இரண்டே முக்கால் வயசு. நல்ல இடம் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
– மென்பொருள் ஊழியர், ஓ.எம்.ஆர்., சென்னை

இரண்டே முக்கால் வயசுக்கு ரோபோடிக்ஸ்! சரி. தலைகளை எண்ணுங்கள். மூன்று வயசுக்குக் கீழே என்றால் பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், மூன்றிலிருந்து ஆறு வரை இருபதுக்கு ஒருவர் என்று குழந்தைப் பராமரிப்பு, முன்பருவக் கல்விக்கான 2013-ஆம் வருஷத்து தேசியக் கொள்கை சொல்கிறது. அப்புறம் கழிப்பறை. பிள்ளை ஈரம் செய்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், முகம் சுளித்துக்கொண்டு பதில் சொன்னால் அடுத்த இடம் பாருங்கள். சுவரில் இருபது படங்களும் ஒரே மாதிரி கோட்டுக்குள் நிறம் அடித்திருந்தால், அதை அடித்தது மிஸ். 'நாலு வயசுக்குள் எழுத வைத்துவிடுவோம்' என்று பெருமையாகச் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். விரல் தசை அதற்குத் தயாராகி இருக்காது. எதற்கும் பக்கத்து அங்கன்வாடியையும் ஒரு நடை போய்ப் பாருங்கள், சிலது உங்கள் தெருவில் இருக்கிற நாலையும்விட நன்றாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எத்தனை மணிக்கு வருகிறார்? அந்த நேரத்தில் அவர் பிள்ளை எங்கே இருக்கிறது? பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நூறு பேருக்கு மேல் வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் காவலுக்கும் வருகிறார்கள். யாரிடமும் 50 பேர் இல்லை என்பதால் எந்தச் சட்டமும் அவர்களைத் தொடாது. கிளப் ஹவுஸில் ஓர் அறை பகல் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கிறது. பராமரிப்புக் கட்டணத்தில் வீட்டுக்கு நூறு ரூபாய் கூட்டினால் அங்கே ஒரு நல்ல காப்பகம் நடக்கும், உங்கள் பெண்ணும் சாயங்காலம் அங்கேயே விளையாடலாம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். லிப்ட் யாருக்கு என்று சண்டை போடுகிற கூட்டம்தான், தெரியும். இருந்தாலும் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான் மலையகம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகம்) வளர்ந்தவள், இப்போது கொழும்பில் வேலை செய்கிறேன். அங்கே இருந்த வசதி கூட இங்கே எனக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் தேயிலைத் தோட்டங்களில் அப்படி இருக்கிறதா?
– வாசகி, ஹட்டன்

இருக்கிறது. 1951-ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி ஐம்பது பெண்கள் வேலை செய்கிற, அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேர் இருக்கிற தோட்டத்தில் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. வால்பாறையிலும் நீலகிரியிலும் தோட்டக் காப்பகங்கள் அப்படி வந்தவைதான். உங்கள் பிள்ளைக் காம்பராவின் பழைய கதையைப் பெருமையாகச் சொல்ல முடியாது. கொழுந்து எடுக்கிற கை நிற்கக் கூடாது என்பதற்காகத் துரைமார் காலத்தில் வைத்த அறை, தொட்டில் வரிசை, ஒரு வயதான ஆயாம்மா. ஆனால் பிறகு அரசாங்கமும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அமைத்து, அந்த அறைகளைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றி, பயிற்சி பெற்றவர்களை நியமித்தார்கள். மூன்று தரப்பும் பணமும் பேச்சும் போட்டு நடத்துகிற ஏற்பாடு தமிழ் பேசும் ஊர்களில் இதைப்போல இன்னொன்று எனக்குத் தெரியாது. அதில் நான் கவனிப்பது நேரம்தான்: அம்மா மலைக்கு ஏறும்போது கதவு திறந்திருக்கும். தேயிலைக்குச் சாத்தியமானது கொழும்புக் கடைக்கும் திருப்பூர் பனியனுக்கும் ஏன் சாத்தியமில்லை என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

கேள்வி: நாங்கள் மகளிர் சுயஉதவிக் குழு. நடவு, களை எடுப்பு நேரத்தில் ஊரில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, போன வருஷம் ஒரு குழந்தை கிணற்று மேட்டு வரைக்கும் போய்விட்டது. நாங்களே ஒரு காப்பகம் தொடங்கலாமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?
– குழுத் தலைவி, விழுப்புரம் மாவட்டம்

தொடங்கலாம். ஆனால் அங்கன்வாடிக்குப் போட்டியாகத் தொடங்காதீர்கள், அதன் பக்கத்துச் சுவரில் தொடங்குங்கள். பகல் நேரத்தில் இரண்டு வயசு தாண்டிய பிள்ளைகள் அங்கே சாப்பிட்டு விளையாடட்டும். உங்கள் காப்பகம் காலையில் அது திறப்பதற்கு முன்னாலும் மாலையில் மூடிய பிறகும் அவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களை நாள் முழுக்க நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் செலவு பாதியாகக் குறையும், டீச்சரும் உங்களை எதிரியாகப் பார்க்க மாட்டார்.

முதலில் வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் போய்ப் பாருங்கள். பால்னா திட்டத்தில் உங்கள் ஊர் அங்கன்வாடியைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அடுத்து வருகிற கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எது முதலில் வருகிறதோ அது. இடம் ஊராட்சிக் கட்டடமாக இருந்தால் நல்லது, யாருடைய வீடாக இருந்தாலும் நாளைக்கு மனஸ்தாபம் வரும். கிராம சுகாதார செவிலியரிடம் மாதம் ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்கிற இரண்டு பெண்களுக்கும் குழுவில் இருந்து நடவுக்கூலிக்குச் சமமாகக் கொடுங்கள், 'நம்ம பிள்ளைதானே' என்று இலவசமாக வேலை வாங்கினால் இரண்டாவது மாசம் களை எடுக்கப் போய்விடுவார்கள். அம்மாக்களிடம் ஒரு சின்னத் தொகை வாங்குங்கள். அரசுக் காப்பகத் திட்டத்திலேயே ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய், வருமானத்தைப் பொறுத்து 100, 200 என்று வைத்திருந்தார்கள். காசு கொடுக்கிற அம்மா 'ஏன் பிள்ளைக்குக் காயம்?' என்று தைரியமாகக் கேட்பாள், அது உங்களுக்கு நல்லது.

வாசலுக்குப் பெரியவர் கை எட்டுகிற உயரத்தில் தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, அடுப்பு வேறு அறையில். காலையில் யார் விட்டார்கள், மாலையில் யார் கூட்டிப் போனார்கள் என்று நோட்டில் கையெழுத்து, குடித்துவிட்டு வருகிற அப்பாவிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். தூளிக்குப் பழைய புடவை போதும், கொக்கியை மட்டும் கொத்தனாரை வைத்து மாட்டுங்கள். முதல் மாசம் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்க்காதீர்கள். கிணறு யாருடையது? அவரிடம் சொல்லி இந்த வாரமே ஒரு வேலி போடச் சொல்லுங்கள், காப்பகம் வருவதற்கு நாள் ஆகும்.